ஏரி வந்துச்சு, பவளக்காலி எங்கே போச்சு?

எங்க ஊருக்குப் போற ரோட்டை அகலப்படுத்தினப்போ ரெண்டு பக்கமும் இருந்த புளியமரங்களை வரிசையா வெட்டிச் சாய்ச்சாங்க. எங்க தாத்தா பள்ளிக்கூடம் போன காலத்துலயே பெரிய மரங்களா இருந்ததாச் சொல்வாங்க. ஊர்க்காரங்க போய்க் கேட்டதுக்கு, "ஒரு மரத்துக்குப் பத்து மரம் நடறோம், கவலைப்படாதீங்க"ன்னு பதில் வந்துச்சு. பொய் இல்லை, நிஜமாவே நட்டாங்க. என்ன, இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு பொட்டல்ல! வீட்டுல இதைச் சொன்னப்போ எங்க அம்மா வெங்காயம் நறுக்கிக்கிட்டே கேட்டாங்க: "அந்த மரத்துல இருந்த கிளிங்களுக்குப் புது அட்ரஸ் குடுத்தாங்களாடா?"

அப்போ சிரிச்சுட்டோம். ஆனா அந்தக் கேள்வி ரொம்ப நாளா மண்டைக்குள்ள கிடந்துச்சு. இதே கேள்வியைக் கடல் தாண்டி ஒரு ஊர்ல சிலர் விஞ்ஞான முறைப்படி கேட்டு, விடையும் கண்டுபிடிச்சிருக்காங்கன்னு பின்னாடி படிச்சப்போ, இதைப் பதிவாப் போட்டே ஆகணும்னு தோணிச்சு. ஊர் வேல்ஸ் நாட்டுத் தலைநகர் கார்டிஃப். பறவை பவளக்காலி.

முதல்லயே சொல்லிடறேன், நான் பறவை நிபுணன் எல்லாம் கிடையாது. காக்காவையும் அண்டங்காக்காவையும் பிரிச்சுச் சொல்லவே திணறுற ஆளு. வேலை விஷயமா கார்டிஃப்ல கொஞ்ச நாள் இருந்தப்போ, சாயங்காலம் ஆச்சுன்னா அங்க இருக்கிற கார்டிஃப் பே ஏரிக்கரையில நடப்பேன். அழகான தண்ணி, படகு, கடை, ஐஸ்க்ரீம். அந்தத் தண்ணிக்கு அடியில என்ன இருந்ததுன்னு ஒரு நாள்கூட யோசிச்சதில்லை. ஊருக்குத் திரும்பி வந்து பல வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சது.

அணையும் ஈடும்

தண்ணியைத் தேக்கினா ஏதாவது ஒண்ணு மூழ்கத்தான் செய்யும். வயல் மூழ்கும், ஊர் மூழ்கும், காடு மூழ்கும், சேற்று நிலம் மூழ்கும். மனுஷனுக்கு நஷ்ட ஈடு குடுக்கணும்ங்கிற எண்ணம் பழசு. (கைக்கு எவ்வளவு வந்து சேர்ந்ததுங்கிறது வேற கதை!) ஆனா மூழ்கிப் போன இயற்கைக்கும் ஈடு செய்யணும், வேற இடத்துலயாவது ஈரநிலம் உருவாக்கித் தரணும்ங்கிற எண்ணம் ரொம்பப் புதுசு. ஈரநிலம்னா சதுப்பு, நாணல் காடு, சேற்றுப் படுகை, ஆழமில்லாத குளம், தண்ணி தேங்குற புல்வெளி எல்லாமே சேர்த்திதான்.

பிரிட்டன்ல இதுக்கு முதல்ல ஒரு நல்ல கதையைப் பார்த்துடுவோம். அப்பத்தான் கார்டிஃப் கதை புரியும்.

இங்கிலாந்தோட நடுவுல ரட்லண்ட்னு ஒரு குட்டி மாவட்டம். அங்க க்வாஷ்னு ஒரு சின்ன ஆறு. 1960-களில் பக்கத்து ஊர்கள் எல்லாம் வளர ஆரம்பிச்சு, குடிக்கத் தண்ணி பத்தாதுன்னு ஆனப்போ, அந்த ஆத்துப் பள்ளத்தாக்குல நீர்த்தேக்கம் கட்டலாம்னு முடிவு பண்ணினாங்க. 1970-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. எம்பிங்காம் கிராமத்துப் பக்கத்துல 1200 மீட்டர் நீளத்துக்குக் களிமண் கரை எழுப்பினாங்க. 1975-ல் தண்ணி ஏற ஆரம்பிச்சது. க்வாஷ் ஆறு மட்டும் அவ்வளவு பெரிய பள்ளத்தை நிரப்பாதே? அதனால நீன், வெல்லண்ட்னு ரெண்டு பெரிய ஆறுகள்ல இருந்து பம்பு வெச்சுத் தண்ணி ஏத்தினாங்க. பரப்பளவுல பார்த்தா இங்கிலாந்துலயே பெரிய நீர்த்தேக்கம் இதுதான். கொள்ளளவுல முதல் இடம் வடக்கே இருக்கிற கீல்டருக்கு.

நெதர் ஹாம்பிள்டன்னு ஒரு கிராமம் தண்ணிக்குள்ள போச்சு. மேட்டுல இருந்த அப்பர் ஹாம்பிள்டன் தப்பிச்சு, இப்போ மூணு பக்கமும் தண்ணி சூழ நிக்குது. நார்மன்டன் தேவாலயத்தைக் காப்பாத்த அதோட கீழ்ப்பாதியைக் கல்லும் மண்ணும் போட்டு நிரப்பி, புதுசாத் தரை போட்டாங்க. இன்னிக்கு அது பாதி உடம்பு தண்ணிக்குள்ள இருக்கிற மாதிரி கரையோரமா நிக்கும். படம் பார்த்தீங்கன்னா உடனே அடையாளம் தெரியும். இதுல இன்னொரு கொடுமை. பள்ளத்தாக்கு பறிபோன அதே சமயத்துல, 1974-ல், ரட்லண்ட் மாவட்டத்தையே கலைச்சு லெஸ்டர்ஷயரோட சேர்த்துட்டாங்க. 1997-ல்தான் மாவட்டம் திரும்பக் கிடைச்சது. பள்ளத்தாக்கு திரும்பவே இல்லை.

ஆனா ஒரு காரியம் உருப்படியா நடந்தது. தண்ணி ஏறுறதுக்கு முன்னாடியே, நீர்த்தேக்கத்தோட மேற்குக் கோடியில, எக்ல்டன் கிராமத்துப் பக்கம், சின்னச் சின்னக் கரைகள் கட்டி ஆழமில்லாத குளங்களை அமைச்சாங்க. எதுக்குன்னா, நீர்த்தேக்கத்துல கோடையில மட்டம் இறங்கும், மழையில ஏறும். அப்படி ஏறி இறங்குற ஓரத்துல செடி வளராது, பூச்சி தங்காது, பறவைக்கும் சோறு கிடைக்காது. தனிக் கரை போட்ட குளம்னா பெரிய தண்ணி இறங்கினாலும் இது இறங்காது. நம்ம ஊர்ல பெரிய ஏரி வத்தினாலும் பக்கத்துத் தாங்கல்ல தண்ணி நிக்குமே, அந்த மாதிரி.

பலன்? கருவால் வாத்து, தட்டைவாயன் வாத்து எல்லாம் குளிர்காலத்துல கூட்டம் கூட்டமா வந்து இறங்குச்சு. 1991-ல் ராம்சார் பட்டியல்லயே இடம் கிடைச்சது. 1996-ல் ஸ்காட்லாந்துல இருந்து விராலடிப்பான் குஞ்சுகளைக் கொண்டு வந்து விட்டாங்க. மீன் பிடிக்கிற பெரிய கழுகு இனம். நம்ம ஊருக்கும் குளிர்காலத்துல இந்த இனம் வரும். இங்கிலாந்துல ஒண்ணரை நூற்றாண்டா கூடு கட்டாம இருந்த பறவை, 2001-ல் ரட்லண்ட்ல குஞ்சு பொரிச்சது.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். ரட்லண்ட்ல மூழ்கினது பெரும்பாலும் வயலும் புல்வெளியும். வந்தது தண்ணிப் பறவைகள். அதாவது, போனவங்க வேற, வந்தவங்க வேற. போன வயல்வெளிக் குருவிகளை யாரும் எண்ணிப் பார்த்ததா எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இல்லை. கணக்கு எழுதினப்போ வரவுப் பக்கம் பெருசா இருந்ததால, செலவுப் பக்கத்தை யாரும் கேக்கலை. கார்டிஃப்ல அந்தச் செலவுப் பக்கத்தை எண்ணிட்டாங்க.

கரி ஏத்தின ஊர்

கார்டிஃப் ஒரு காலத்துல உலகத்துக்கே நிலக்கரி ஏத்தி அனுப்பின துறைமுகம். 1839-ல் ப்யூட் பிரபு முதல் கப்பல்துறையைக் கட்டினார். மேல மலைப் பள்ளத்தாக்குகள்ல வெட்டின கரி ரயில்ல இறங்கி வரும். 1913-ல் அந்த ஒரே வருஷத்துல ஒரு கோடி டன்னுக்கு மேல கரி இங்கிருந்து கப்பலேறிச்சு. சோமாலியா, யேமன், மேற்கிந்தியத் தீவுகள்னு எங்கெங்கிருந்தோ வந்த கப்பல்காரங்க டைகர் பேன்னு ஒரு பேட்டையே உருவாக்கி வாழ்ந்தாங்க.

அப்புறம் உலகம் எண்ணெய்க்கு மாறிச்சு. கரி போச்சு, கப்பல் போச்சு. 1978-ல் ஈஸ்ட் மூர்ஸ் இரும்பாலையும் மூடினாங்க. துறைமுகப் பக்கம் பாழடைஞ்ச கிடங்கும் வேலையில்லாத ஜனங்களும்தான் மிச்சம்.

இன்னொண்ணும் மிச்சம் இருந்துச்சு. சேறு!

டாஃப், எலைன்னு ரெண்டு ஆறு இந்த விரிகுடாவுல வந்து சேருது. வெளியில செவர்ன் முகத்துவாரம். உலகத்துலயே கடல் மட்டம் ரொம்ப அதிகமா ஏறி இறங்குற இடங்கள்ல ஒண்ணு அது. கார்டிஃப்ல பௌர்ணமி, அமாவாசை சமயத்துல 12 மீட்டர் வரைக்கும் வித்தியாசம் வரும். நாலு மாடி உயரம்! ஓதம் ஏறினா விரிகுடா முழுக்கத் தண்ணி. இறங்கினா கண்ணுக்கு எட்டின வரைக்கும் பழுப்புச் சேறு. பார்க்குறவங்களுக்கு அசிங்கம், நாத்தம் வேற.

ஆனா அந்தச் சேத்துக்குள்ள மண்புழு மாதிரி கடற்புழுக்கள், நத்தைக் குஞ்சுகள், நுண்ணிய இறால் வகைகள்னு ஒரு பெரிய சாப்பாட்டுக் கடையே இருந்தது. குளிர்காலத்துல ஆயிரக்கணக்கான கரையோரப் பறவைகளுக்கு அதுதான் மெஸ். ஷெல்டக் வாத்து, டன்லின், பவளக்காலி எல்லாம் ஓதம் எப்போ இறங்கும்னு காத்திருந்து இறங்கி மேயும். பவளக்காலி பேருக்கு ஏத்த மாதிரி சிவப்புக் காலு. புறாவை விடச் சின்ன உடம்பு. நம்ம கோடியக்கரைக்கும் குளிர்காலத்துல இந்த இனம் வருது. இந்தச் சேற்றுப் படுகையை 1980-லயே விஞ்ஞான முக்கியத்துவம் உள்ள பாதுகாப்பு இடமா அறிவிச்சிருந்தாங்க.

தடுப்பணைச் சண்டை

1987-ல் கார்டிஃப் பே வளர்ச்சிக் கழகத்தை அரசு அமைச்சது. அவங்க திட்டம் இதுதான். பெனார்த் ஊருக்கும் கார்டிஃப் துறைமுகத்துக்கும் நடுவுல 1.1 கிலோமீட்டர் நீளத்துக்குத் தடுப்பணை கட்டணும். கடல் தண்ணி உள்ள வராது. ஆத்துத் தண்ணி தேங்கி 200 ஹெக்டேர்ல நன்னீர் ஏரி நிக்கும். சேறு நிரந்தரமா மறைஞ்சிடும். தண்ணி ஓரத்துல கட்டடம் எழும்பும், முதலீடு வரும், வேலை வரும்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த ஜனங்களுக்கு வேலை தேவைப்பட்டது உண்மை. எதிர்த்தவங்களுக்கும் காரணம் இருந்தது. தாழ்வான தெருக்கள்ல இருந்தவங்க, ஏரியில தண்ணி எப்பவும் ஒரே மட்டத்துல நின்னா நிலத்தடி நீர் ஏறி எங்க வீட்டு அடித்தளம் ஊறிப் போகுமேன்னு பயந்தாங்க. பறவை ஆர்வலர்கள் சேற்றுப் படுகைக்காகச் சண்டை போட்டாங்க. நாடாளுமன்றத்துல கார்டிஃப் மேற்குத் தொகுதி உறுப்பினர் ரோட்ரி மார்கன் விடாம எதிர்த்தார். வருஷக்கணக்கா இழுத்து, கடைசியில 1993-ல் தடுப்பணைச் சட்டம் நிறைவேறிச்சு.

ஒரு வேடிக்கை பாருங்க. அதே ரோட்ரி மார்கன் 2000-ல் வேல்ஸ் முதலமைச்சர் ஆனார். அவரோட சட்டமன்றம் இருந்தது எங்கேன்னு நினைக்கிறீங்க? அதே ஏரிக்கரையில!

எதிர்ப்பு வீணாப் போகலை. நிலத்தடி நீரைக் கண்காணிக்கணும், வீடு பாதிச்சா சரி பண்ணித் தரணும்னு சட்டத்துலயே சேர்த்தாங்க. ஏரித் தண்ணியில கரைஞ்ச ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழ போகக்கூடாதுன்னும் எழுதினாங்க. அதுக்காக ஏரியோட அடியில குழாய் பதிச்சுக் காத்து ஊதிக்கிட்டிருக்காங்க. நம்ம வீட்டு மீன் தொட்டியில குமிழி விடுமே, அதே வேலைதான். சால்மன் மீன் ஏறி வர மீன் வழியும் கட்டினாங்க.

பறவைகளுக்கு? ஐரோப்பியப் பறவைச் சட்டம் ஒண்ணு இருந்தது. ஐரோப்பிய ஆணையம் வரைக்கும் புகார் போச்சு. சேறு போறதுக்கு ஈடா வேற இடத்துல ஈரநிலம் உருவாக்கித் தர்றோம்னு அரசு ஒத்துக்கிச்சு. அப்படி வந்ததுதான் நியூபோர்ட் ஈரநிலம்.

சாம்பல் மேட்டுல நாணல்

கார்டிஃப்ல இருந்து கிழக்கே பதினைந்து கிலோமீட்டருக்கு மேல போனா நியூபோர்ட். அங்க அஸ்க்மவுத் அனல் மின் நிலையத்துச் சாம்பலைக் கொட்டி வெச்ச இடமும், அதை ஒட்டின தாழ்வான மேய்ச்சல் நிலமும் தேர்ந்தெடுத்தாங்க. ரோமானியர் காலத்துல இருந்தே கடல்கிட்ட இருந்து கரை போட்டுப் பிடுங்கின பூமி அது. அதைத் திரும்பவும் தண்ணிக்கே குடுக்குறது ஒரு வகையில பழைய கடனைத் தீர்க்குற மாதிரி.

400 ஹெக்டேருக்கு மேல. மூழ்கின சேற்றைப் போல ரெண்டு மடங்கு பரப்பு. சாம்பல் மேட்டை வெட்டித் தண்ணி விட்டு நாணல் நட்டாங்க. கோல்ட்கிளிஃப் பக்கம் உப்புத்தண்ணிக் குளங்கள் அமைச்சாங்க. நடுவுல இருந்த புல்வெளியில தண்ணி மட்டத்தை ஏத்தி ஈரமாவே வெச்சாங்க. 2000-ல் காப்பகம் திறந்தாங்க. 2008-ல் தேசிய இயற்கைக் காப்பகம்னு அந்தஸ்து கிடைச்சது.

இதைக் குறை சொல்ல மனசு வராது. சாம்பல் கொட்டின இடத்துல இன்னிக்கு நாணல் காத்துல ஆடுது. குளிர்கால அந்தி நேரத்துல மைனா இனத்துச் சூறைக்குருவிகள் புகை மாதிரி சுழன்று அடையும். ஆவொசெட்னு மேல்நோக்கி வளைஞ்ச அலகு உள்ள பறவை குடும்பம் நடத்த ஆரம்பிச்சது. 2020-ல் பிட்டர்ன்னு சொல்ற பெரிய குருகு, நாணலுக்குள்ள ஒளிஞ்சு வாழுற பறவை, அங்க குஞ்சு பொரிச்சது. அந்தப் பகுதியில இருநூறு வருஷமாக் காணாத சமாச்சாரம்.

அப்ப கணக்கு சரியாப் போச்சுல்ல? 200 ஹெக்டேர் போச்சு, 400 வந்துச்சு. ஒண்ணுக்கு ரெண்டு. நம்ம ஊர்ல ஒண்ணுக்குப் பத்து!

வளையம் போட்ட கால்

1999 நவம்பர்ல தடுப்பணையை மூடினாங்க. சேறு தண்ணிக்குள்ள போயிடுச்சு. ஓதம் இறங்கும்னு காத்திருந்த பறவைங்களுக்கு அப்புறம் ஓதம் இறங்கவே இல்லை. பவளக்காலி நடந்து மேயுற பறவை, நீந்தி மேயாது. அதுக்கு அந்த ஏரி ஒரு பாலைவனம்.

இந்தத் திட்டத்துக்கு ஆதரவாப் பேசினவங்க எப்பவும் சொன்ன ஒரு வாதம், "பறவைதானே, பறந்து வேற இடத்துக்குப் போயிடும்." உலகம் முழுக்க இதே வசனம்தான். யாரும் நிரூபிச்சதும் இல்லை, மறுத்ததும் இல்லை. ஏன்னா ஒரு பறவை ஒரு இடத்தை விட்டுப் போனா அது எந்தப் பறவைன்னு அடையாளம் தெரியாது. புது இடத்துல பார்க்குறது பழைய பறவையா, வேற பறவையா, யாருக்குத் தெரியும்?

கார்டிஃப்ல மட்டும் தெரிஞ்சது. பிரிட்டிஷ் பறவையியல் அறக்கட்டளை ஆய்வாளர்கள் 1989-ல் இருந்தே இங்க பறவைகளை எண்ணிக்கிட்டு வந்தாங்க. அணை மூடுறதுக்கு முந்தின குளிர்காலங்கள்ல பவளக்காலிகளைப் பிடிச்சு, எடை போட்டு, காலுல வண்ண வளையம் மாட்டி விட்டாங்க. எந்தெந்த வண்ணம் எந்த வரிசையில இருக்குங்கிறதை வெச்சு ஒவ்வொரு பறவையையும் தொலைநோக்கியில தனித்தனியா அடையாளம் சொல்லலாம். நாலு கிலோமீட்டர் தள்ளி ரிம்னி ஆத்து முகத்துவாரத்துல இருந்த பவளக்காலிகளுக்கும் இதே மாதிரி வளையம் போட்டாங்க. ஒப்பிட்டுப் பார்க்கணுமே?

பவளக்காலிக்கு ஒரு குணம். வருஷா வருஷம் குளிர்காலத்துக்கு அதே சேத்துக்குத்தான் திரும்பி வரும். எங்க பெரியப்பா எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில ஓரத்து இலையைத்தான் தேடுவார், அது மாதிரி. வீடு போனதும் வளையம் போட்ட பறவைகள்ல பெரும்பாலானவை பக்கத்துல இருந்த ரிம்னிக்குப் போச்சு. "பறந்து போயிடும்"ங்கிற வசனம் அது வரைக்கும் உண்மை. அதுக்கப்புறம் என்னாச்சு? முதல் குளிர்காலத்துலயே பிடிச்சு எடை பார்த்தா, அகதியா வந்த பறவைகள் உள்ளூர்ப் பறவைகளை விட இளைச்சுப் போயிருந்தது. ரிம்னி சேத்துல ஏற்கெனவே மேய்ஞ்சுக்கிட்டிருந்த பறவைங்களுக்கு எங்க நல்ல தீனி கிடைக்கும், எந்த மூலையில பருந்து பயம் இல்லைன்னு எல்லாம் அத்துப்படி. புதுசா வந்தவங்களுக்கு ஒண்ணும் தெரியாது.

அணை மூடுறதுக்கு முன்னாடி கார்டிஃப் பவளக்காலிகள்ல வருஷத்துக்கு 100-க்கு 15 செத்துக்கிட்டிருந்தது. மூடினதுக்கு அப்புறம் 100-க்கு 22. அதாவது சாவு வீதம் 44 சதவீதம் அதிகம். அந்த ஒரு குளிர்காலத்தோட முடியலை, அடுத்தடுத்த வருஷங்கள்லயும் அப்படியே நீடிச்சது. ரிம்னியோட பழைய குடிங்க பிழைப்புல அப்படி ஒரு சரிவு இல்லை. 2006-ல் இந்த ஆய்வு வெளியாச்சு. வீடு இழந்த பறவை "எங்கேயாவது போய்ப் பிழைச்சுக்கும்"ங்கிறது தப்புன்னு தனித்தனிப் பறவைகளைப் பின்தொடர்ந்து காட்டின ஆய்வு இது.

நியூபோர்ட் ஈரநிலம் இதுக்கு உதவலையான்னு கேப்பீங்க. எப்படி உதவும்? அணை மூடினது 1999 நவம்பர். காப்பகம் திறந்தது 2000-ல். நட்ட நாணல் காடா அடர இன்னும் பல வருஷம். இடம் பதினைந்து கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம். எல்லாத்துக்கும் மேல, அது வேற மாதிரி நிலம். பவளக்காலி கேட்டது ஓதம் ஏறி இறங்குற சேறு. முக்கியமாக் கிடைச்சது நாணலும் குளமும் புல்வெளியும். சோத்துக்கு நின்னவனுக்கு வேட்டி குடுத்த மாதிரி. நல்ல வேட்டிதான், ஆனா...

இங்கதான் எங்க அம்மா கேட்ட கேள்வி எனக்குத் திரும்ப ஞாபகம் வந்துச்சு. பிட்டர்னுக்கும் ஆவொசெட்டுக்கும் வீடு கிடைச்சது நிஜம், சந்தோஷம். ஆனா வீடு இழந்தது அவங்க இல்லையே!

திரும்ப ரட்லண்ட்

கதை இங்கயே முடிஞ்சா வெறும் புலம்பல் ஆயிடும். கொஞ்சம் ரட்லண்டுக்குத் திரும்புவோம்.

2000-களில் அங்க தண்ணித் தேவை இன்னும் ஏறிச்சு. விங் கிராமத்துல இருக்கிற சுத்திகரிப்பு நிலையத்தைப் பெருசாக்கி, நீர்த்தேக்கத்துல இருந்து அதிகமாத் தண்ணி எடுக்கணும்னு ஆங்கிலியன் வாட்டர் நிறுவனம் திட்டம் போட்டது. அப்படி எடுத்தா வறட்சியான வருஷத்துல மட்டம் முன்னை விட ரொம்ப இறங்கும். மேற்குக் கோடியில ஆழமில்லாத இடம் வறண்டு போகும். கருவால் வாத்தும் தட்டைவாயனும் மேயுற இடம் அதுதான். இந்தத் தடவை அந்தப் பறவைங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இருந்தது. 1975-ல் கட்டின செயற்கை ஏரி, 1991-க்குள்ள பாதுகாக்கப்பட்ட ஈரநிலம் ஆகியிருந்ததே! மனுஷன் கட்டினது, ஆனா பறவை பட்டா வாங்கிடுச்சு. நம்ம வேடந்தாங்கல் மட்டும் என்ன? பாசனத்துக்கு வெட்டின ஏரிதானே!

அதனால என்ன பண்ணினாங்கன்னா, நீர்த்தேக்கத்தை ஒட்டியே எக்ல்டன் பக்கம் புதுக் குளங்களை வெட்டினாங்க. வெளியில மட்டம் எவ்வளவு இறங்கினாலும் இந்தக் குளங்கள்ல தண்ணி தனியா நிக்கும். 1970-களில் செஞ்ச அதே வித்தைதான், இன்னும் பெரிய அளவுல. எந்தப் பறவைக்குப் பாதிப்போ அதே பறவைக்கு, அது மேய்ஞ்ச இடத்துக்குப் பக்கத்துலயே, அது தேடுற மாதிரி தண்ணி. வாத்து சிறகை நாலு தடவை அடிச்சாப் போய்ச் சேர்ந்துடும்.

ரெண்டு ஊரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா, ஈரநிலம் உருவாக்குறது ஏமாத்து வேலைன்னு எனக்குத் தோணலை. கார்டிஃப்லயும் உருவாக்கினாங்க, ரட்லண்ட்லயும் உருவாக்கினாங்க. ரெண்டுமே நல்ல இடங்கள். ஆனா ஈடுன்னு சொல்லணும்னா மூணு கேள்விக்குப் பதில் வேணும். பழசு போறதுக்கு முன்னாடியே புதுசு தயாரா? பக்கத்துல இருக்கா? போனவங்க பிழைக்கக்கூடிய அதே மாதிரி நிலமா? இந்த மூணும் இல்லைன்னா அது தனியா ஒரு நல்ல காரியம். தாராளமாச் செய்யலாம், பாராட்டலாம். ஆனா போனதுக்கு ஈடுன்னு ரசீது போடக்கூடாது.

இதை இப்போ கொஞ்சம் புரிஞ்சுக்கிட்டாங்கன்னு நினைக்கிறேன். 2024 பிப்ரவரியில இருந்து இங்கிலாந்துல பெரும்பாலான கட்டுமானத் திட்டங்கள் தாங்க அழிக்கிற இயற்கையை விட 10 சதவீதம் அதிகமா உருவாக்கித் தரணும்னு சட்டம். அதைக் கணக்குப் போடுறப்போ, ஈடு தூரமா இருந்தா மதிப்பெண் குறையும், வளர நாளாகும்னா இன்னும் குறையும். பவளக்காலிங்க செத்துச் சொன்ன பாடம் ஒரு பெருக்கல் எண்ணா உள்ள போயிருக்குன்னு வெச்சுக்கலாம். கிழக்கு இங்கிலாந்துல லிங்கன்ஷயர், ஃபென்ஸ் பகுதிகள்ல புது நீர்த்தேக்கங்கள் கட்டத் திட்டம் போயிக்கிட்டிருக்கு. அங்க எதை முதல்ல வெட்டுறாங்க, ஏரியையா, ஈரநிலத்தையான்னு பார்க்கணும்.

நம்ம நாட்டுலயும் காட்டை அழிச்சா வேற இடத்துல காடு வளர்க்கணும்னு விதி இருக்கு. அதுக்கு நிதி இருக்கு, 2016-ல் தனிச் சட்டமே வந்திருக்கு. எத்தனை ஹெக்டேர், எத்தனை கன்னுன்னு கணக்கு வரும். வெட்டுன மரத்துல இருந்த கிளிக்கு வளையம் மாட்டி, அது எங்க போச்சு, இளைச்சுதா, செத்துதான்னு யாராவது பின்னாலயே போய்ப் பார்த்திருக்காங்களா? கார்டிஃப்ல பார்த்தாங்க. அதனாலதான் இந்தக் கதை நமக்குத் தெரியுது. பார்க்காத இடத்துல எல்லாம் "ஒண்ணுக்கு ரெண்டு, கணக்கு சரி"ன்னு ஃபைலை மூடியிருப்பாங்க.

அடுத்த தடவை கார்டிஃப் போற வாய்ப்பு வந்தா ஏரிக்கரையில ஐஸ்க்ரீம் சாப்பிடுவேன், அது நிச்சயம். அப்புறம் பஸ் பிடிச்சு ரிம்னி ஆத்து முகத்துவாரத்துக்கும் போயிட்டு வரணும். வளையம் போட்ட அந்தப் பழைய பறவைகள் இத்தனை வருஷத்துல மிச்சம் இருக்காது. இருந்தாலும் ஓதம் இறங்குற நேரத்துல ஒரு சிவப்புக் காலையாவது பார்த்துட்டு வரலாம்னு ஆசை.

உங்க ஊர்ல இப்படி "ஈடு" குடுத்த கதை இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. நட்ட கன்னுல எத்தனை பிழைச்சதுன்னும் சேர்த்துச் சொல்லுங்க.

கொசுறு: 2021 பிப்ரவரியில ரட்லண்ட் காப்பகத்துல ஒரு குளத்தைச் சீரமைக்கத் தண்ணியை வடிச்சிருக்காங்க. சேத்துக்குள்ள ஏதோ குழாய் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கேன்னு ஊழியர்கள் போய்ப் பார்த்தா, அது முதுகெலும்பு! தோண்டி எடுத்தா சுமார் 10 மீட்டர் நீளத்துக்கு முழு இக்தியோசர். 18 கோடி வருஷத்துக்கு முன்னாடி அங்க கடல் இருந்தப்போ நீந்தின பிராணி. பிரிட்டன்ல கிடைச்ச அந்த வகைப் புதைபடிவங்கள்லயே பெருசு. 1970-களில் நீர்த்தேக்கம் வெட்டினப்பவும் ரெண்டு சின்ன இக்தியோசர் கிடைச்சிருந்ததாம். அந்தப் பள்ளத்தாக்குல யார் முதல்ல குடியிருந்தாங்கன்னு கேட்டா, பட்டா அவங்க பேர்லதான் இருக்கும் போல!